ஒப்பாரியில குறுக்க பேசக்கூடாது

எங்க ஊர்ல ஒரு பொம்பளை ஒரு பேச்சை ஆரம்பிச்சு முழுசா முடிக்கணும்னா ஒரே வழிதான் உண்டு. யாராவது சாகணும். சாவு வீட்ல நாங்க வட்டமா உக்காந்து, ஒருத்தி தோள்ல ஒருத்தி கையைப் போட்டு ஒப்பாரி வைக்கும்போது எவனும் குறுக்க பேசக்கூடாது. மாமியா செஞ்ச கொடுமையைப் பாடலாம். சொத்தை அமுக்கின கொழுந்தனைப் பாடலாம். அவனும் அங்கனதான் நிப்பான், தலையைக் குனிஞ்சுக்கிட்டுக் கேக்கணும். பாடி முடிச்சு மூக்கைச் சிந்தினதோட சரி, அதை வச்சு அப்புறம் சண்டைக்கும் வரக்கூடாது. மத்த நாள்ல வாயைத் திறந்தா, "ஏட்டி, போய் உலையைப் பாரு"ன்னு பாதியிலயே அறுத்து விட்டுருவான்.

எங்க பெரிய மதினி செத்தப்போ அந்த ஒப்பாரியும் இல்லாமப் போச்சு.

பெரிய மதினின்னா எங்க அண்ணன் பொண்டாட்டி. எமர்ஜென்சி நடந்துக்கிட்டிருந்த சமயம். அவளுக்கு நாலு பிள்ளைக. கடைசிப் பிள்ளை இன்னும் பால் குடிக்குது, அதுக்குள்ள அடுத்தது வயித்துல நின்னுட்டுது. தெம்பு இல்லன்னு என்கிட்ட சொல்லி அழுதுட்டுக் கலைக்கணும்னு ஆஸ்பத்திரிக்குப் போனா. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன், இப்பம் சொல்லி என்ன ஆகப் போகுது. புருசன் கையெழுத்து இல்லாம தொட மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. எங்க அண்ணன் போட மாட்டேன்னுட்டான். பிள்ளை மேல ஆசையா? ஒரு மண்ணும் இல்ல. பயம். ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்டுற ஆம்பளையைப் புடிச்சு ஆபரேஷன் பண்ணி அனுப்பிருவாங்கன்னு அப்பம் ஊர் பூராப் பேச்சு. பொண்டாட்டிக்குன்னு கையெழுத்து வாங்கி அதை இவனுக்கு மாத்திருவாங்கன்னு டீக்கடையில எவனோ சொல்லியிருக்கான். கேரளாவுக்குத் துண்டும் இடுப்புல கட்டுற சாரமும் கொண்டு போய் ஏவாரம் பண்ணுற ஆளு, நாலு ஊர் தண்ணி குடிச்சவன், அதை நம்பிட்டான். காய்ச்சல் வந்தாக்கூட ஆஸ்பத்திரித் தெருவைச் சுத்தித்தான் போவான்.

மதினி வாசுதேவநல்லூர் ரோட்டுல கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைக்கிற ஒரு கிழவிகிட்டப் போயிட்டு வந்தா. காய்ச்சல் வந்துச்சு. உடம்பெல்லாம் விறைச்சு, யாரு எவருன்னு தெரியாமப் பேசி, அப்படியே போயிட்டா. வெளியே மஞ்சக்காமாலைன்னு சொன்னோம். எங்க அம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, வந்த பொம்பளைககிட்ட, அழுறதுன்னா அழுங்க, பாட்டு மட்டும் வேண்டாம், சின்னப் பிள்ளைக பயந்துக்கிடும்னு சொன்னா. பிள்ளைகளுக்காகவாம். பாட்டுன்னா உண்மை வந்துரும்னு அம்மாவுக்குத் தெரியும். வெயில் ஏறுறதுக்குள்ள தூக்கியாச்சு. காமாலைன்னு சொல்லிக்கிட்டு ஊமைப் பொணமா அனுப்பினோம்.

கருமாதி முடிஞ்ச கையோட மதினியோட தங்கச்சியையே அண்ணனுக்குக் கட்டி வச்சாங்க. பிள்ளைகளைப் பாக்க ஆள் வேணும்லா, சித்தின்னா கொடுமைப்படுத்த மாட்டா, எங்க பக்கம் அது வழக்கம்தான். அவதான் சின்ன மதினி. வயசுல எனக்கு இளையவ. தாவணியை மாத்திச் சேலை கட்டின நாளே நாலு பிள்ளைக்கு அம்மா. அக்கா சேலையைத்தான் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா. அவளுக்குன்னு ரெண்டு பிறந்துச்சு. ரெண்டாவது பேறுகாலத்துல ரத்தம் நிக்கல. பிழைச்சது மறுபிழைப்பு. இன்னொண்ணு வந்தா உசிருக்கு உத்தரவாதம் இல்லன்னு டாக்டரம்மா அண்ணன்கிட்டயே சொல்லி அனுப்பினாங்க. கேட்டுட்டு வந்தான், அவன்கிட்ட மாத்தம் ஒண்ணும் இல்ல. ரெண்டு வருசம் கழிச்சு அவளுக்கும் நாள் தள்ளிப் போச்சு.

அந்தச் சமயத்துலதான் எங்க தெருவுல முதியோர் கல்வி வகுப்பு நடந்துக்கிட்டிருந்துச்சு. நான் தறிக்குத் தார் சுத்துற வேலை பாத்தேன். ராட்டு முன்னால உக்காந்து நாள் பூரா நூல் சுத்துறது, பொழுது சாஞ்சா ஒரு காலிக் கொட்டகையில உக்காந்து அ, ஆ எழுதுறது. சொல்லிக்குடுத்த டீச்சர் வெளியூர்க்காரங்க. பொம்பளைகளை வச்சு ஒரு நாடகம் போடணும்னு அவங்களுக்கு ஆசை. பேறுகாலம், கருக்கலைப்பு, ஆஸ்பத்திரியில படுற பாடு, அவங்கவங்களுக்கு நடந்ததை அவங்கவங்களே சொல்லணும். முதல்ல அவங்களே வசனம் எழுதிட்டு வந்தாங்க. "பெண்ணாகப் பிறந்தது குற்றமா"ன்னு ஆரம்பிக்கும். எங்களுக்கு வாய்ல நுழையல. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சதுதான் மிச்சம். கடைசியில, பூ மார்க்கெட்ல பூக் கட்டுற ஒரு அக்கா சொன்னா, "டீச்சர், எங்களுக்குப் பேசத் தெரியாது. அழச் சொல்லுங்க, அழுதோம்."

அப்படித்தான் ஒப்பாரி நாடகம் ஆச்சு. ஒரு பொணம் கிடக்கும். சுத்தி நாங்க உக்காந்து ஆளாளுக்கு நடந்ததைப் பாடணும். ஆனா பொணமாப் படுக்க ஆள் வேணுமே. தாலி கட்டினவ ஒருத்தியும் படுக்க மாட்டா, அபசகுனம். பூக்கார அக்கா தாலியறுத்தவ. "நான் எப்பமோ செத்தவதான், எங்க படுக்கணும்?"னு பாயை இழுத்துப் போட்டுக்கிட்டா.

இந்த நாடகத்துக்குள்ள நான் போனதுக்குச் சமூக சேவை ஒண்ணும் காரணம் இல்ல. எனக்குச் சின்ன மதினியைப் பிழைக்க வைக்கணும். டீச்சர் அவளைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தாங்க. கட்டினவன் கையெழுத்து சட்டத்துல கிடையாது, அவ சம்மதிச்சாப் போதும்னு நின்னு வாதாடினாங்க. சட்டத்தை இங்க பேசாதீங்க, நாளைக்கு இவ புருசன் வந்து சட்டையைப் புடிச்சா நீங்களா வருவீங்கன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. அண்ணன்கிட்ட நான் போனேன். வாயைத் திறக்க விடல. எமர்ஜென்சி முடிஞ்சு எவ்வளவோ காலம் ஆச்சு, அவன் பயம் மட்டும் முடியல. போதாததுக்கு இப்பம் வீம்பு வேற சேர்ந்துக்கிட்டுது. "பொட்டச்சிக்கெல்லாம் பதில் சொல்லணுமோ"ன்னு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

அந்த வாரத்துலயே சின்ன மதினி ராட்டுப் பக்கம் வந்து என் பக்கத்துல உக்காந்தா. முகம் வெளுத்துப் போய் இருந்துச்சு. தறிச் சத்தத்துல வேற யாருக்கும் கேக்காதுன்னு நிதானமாவே சொன்னா: "மைனி, அத்தை ஒரு இடம் சொல்லுதாக. வார புதன்கிழமை கூட்டிட்டுப் போறாகளாம். வாசுதேவநல்லூர் பஸ்ல."

எனக்கு நூல் அறுந்து போச்சு. பெரிய மதினி தானா போயிட்டு வந்தா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அம்மா இத்தனை வருசமாச் சாதிச்சது பொய்னு ஒரு நொடியில விளங்கிட்டுது. நேரா அம்மா வீட்டுக்குப் போனேன். அம்மா முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டிருந்தா. நீதான் கூட்டிட்டுப் போனியா, அவளையும் நீதானான்னு கேட்டேன். புடைக்கிற கை நிக்கல.

"ஆமா. நான்தான். கட்டினவன் கைவிட்டா அவ எங்க போவா? நான் எத்தனை தடவை போயிட்டு வந்தவ தெரியுமா? செத்தா போனேன்? உன்னையே அதுக்கப்புறந்தான் பெத்தேன்."

அவ சொன்னதுல பொய் இல்ல. அவளுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான். மருமக மேல பாசம் இல்லாமலும் இல்ல. ஆனா எனக்கு வந்த கோவத்துக்கு அந்த முறத்தைப் புடுங்கி எறிஞ்சிருப்பேன். ஒரு உசிரு போயும் புத்தி வரலயேன்னு கத்தினேன். வேற வழி இருந்தாச் சொல்லுன்னு கேட்டா. அந்த வழி எங்க அண்ணன் கையில இருந்துச்சு.

அதனால ஒரு கணக்குப் போட்டேன். வீட்ல நான் பேசினா அறுத்து விட்டுருவான். ஒப்பாரியில அறுக்க முடியாது. நாடகத்தைத் தறிக்கு லீவு விடுற நாள்ல, புதன்கிழமைக்கு முந்தியே, எங்க அம்மா வீட்டுத் தெருவுல, அண்ணன் சாயங்காலம் டீ குடிக்கிற கடைக்கு எதுத்தாப்ல போடணும்னு டீச்சர்கிட்டப் புடிவாதமா நின்னேன். ஏன்னு கேட்டாங்க. சொன்னேன். சரின்னாங்க.

வெளக்கு வைக்கிற நேரம். தறி ஓடாத நாள்னால தெரு காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. பூக்கார அக்காவைத் தெக்க தலை வச்சுப் படுக்கப் போட்டு, கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டி, நெத்தியில ஒத்த ரூவாயை ஒட்டி வச்சோம். தலைமாட்டுல குத்துவிளக்கு. கூட்டம் நல்லாவே சேர்ந்துச்சு. ஆம்பளைக டீக்கடைப் பக்கம், பொம்பளைக எதுத்த வீட்டுச் சுவர் ஓரமா. அம்மாவும் பேரப்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னா. சின்ன மதினி அவளுக்குப் பின்னால. அண்ணன் கையில டீ கிளாஸ். தங்கச்சி கூத்துக் கட்டுறதைப் பாத்து மொறைச்சுக்கிட்டு இருந்தான்.

முதல்ல ரெண்டு பேரு பாடினாங்க. ஒருத்தி, கலைக்கப் போனவளை நர்ஸ் எப்படியெல்லாம் பேசினான்னு. இன்னொருத்தி, கல்யாணத்துக்கு முன்னால நடந்ததைத் தன் கதைன்னு சொல்லாம யாரோ ஒருத்தி கதைன்னு. அது அவ கதைதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. அப்புறம் நான். நாடகத்துக்குன்னு ஒரு பாட்டுப் பழகி வச்சிருந்தேன். அதை விட்டுட்டு வேற எடுத்தேன்.

"கைப்பிள்ளை இடுப்பிருக்கக் கதவோரம் நின்னவளே – ஒரு
கையெழுத்துக் கேட்டதுக்குக் காடு போய்ச் சேந்தவளே"

அண்ணனுக்கு விளங்கிட்டுது. கிளாஸைப் பெஞ்சுல வச்சான். ஒரு அடி எடுத்து வச்சு வாயைத் திறந்தான். பக்கத்துல நின்ன ஒரு பெரியவர், மாமா முறை, அவன் கையைப் புடிச்சு, "ஏலே, ஒப்பாரியில என்ன பேச்சு"ன்னு அதட்டினாரு. நாடகம்ங்கிறது அவருக்கு மறந்து போச்சு. அவருக்கு மட்டுமா? பொணமும் விளக்கும் வட்டமா அழுற பொம்பளைகளும் இருந்தா எங்க பக்கத்துப் பொம்பளையால சும்மா நிக்க முடியாது. ரோட்டுல போறவகூட வந்து உக்காந்து, தன் வீட்டுச் சாவை நினைச்சு ஒரு பாட்டு அழுதுட்டுத்தான் போவா. சுவரோரம் நின்னவளுக ஒருத்தி ஒருத்தியா முந்தானையை அவுத்து விட்டுக்கிட்டு வட்டத்துக்குள்ள வந்துட்டாளுக. பழகினது ஆறேழு பேரு, இப்பம் வட்டம் தெருவை அடைச்சுக்கிட்டுது. ஆளாளுக்கு எடுக்காளுக. அக்காளுக்குக் குச்சி வச்சது, மகளுக்குப் பப்பாளிக்காய் குடுத்தது, கொழுந்தன் செஞ்ச காரியத்துக்குக் கிணத்துல விழுந்தவ. இத்தனை பொணம் இந்தத் தெருவுக்குள்ள இருந்துச்சான்னு ஆயிப் போச்சு எனக்கு. டீச்சர் கையில காகிதத்தை வச்சுக்கிட்டு மலைச்சு நின்னாங்க. பூக்கார அக்கா கொசுக்கடி தாங்காம முகத்தைச் சுளிச்சுக்கிட்டுக் கிடந்தா, எந்திரிக்க வழியில்ல.

அப்பத்தான் எங்க அம்மா பேரனைச் சின்ன மதினி கையில குடுத்துட்டு வந்தா. என் பக்கத்துல உக்காரல. பொணத்தோட தலைமாட்டுல போய் உக்காந்தா. ரொம்ப நேரம் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு மட்டும் இருந்தா. அப்புறம் எடுத்தா.

"எருக்கங் குச்சிக்கு எடஞ்சொன்ன பாவி நான் – உன்
இடுப்பைப் புடிச்சுக்கிட்டு இருந்தவளும் நான்தானே
காமாலை சீக்குன்னு கதைகட்டி விட்டவ நான் – உனக்கு
ஒரு பாட்டு அழவிடாம ஒளிச்சு வச்ச பாவி நான்"

மத்தவளுக எல்லாம் நிறுத்திட்டாளுக. அம்மா பாட்டு மட்டும் கேட்டுச்சு. அதுல மகன் பேரை இழுக்கவே இல்ல. கையெழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எல்லாத்தையும் தன் தலையிலயே அள்ளிப் போட்டுக்கிட்டா. கடைசியில, இன்னொருத்தியையும் கூட்டிப் போகப் புதன்கிழமை பாத்து வச்சேனேன்னு பாடிட்டு, பூக்கார அக்கா மேலயே சாஞ்சு விழுந்தா. நான் திரும்பிப் பாக்கும்போது டீக்கடைப் பெஞ்சுல கிளாஸ்தான் இருந்துச்சு.

மறுநாள் விடிஞ்சு பால்காரன் போனதும் அண்ணன் என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். முகத்தைப் பாக்காம, எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்னு கேட்டான். நானும் சின்ன மதினியும் டீச்சரும் கூடப் போனோம். போட்டான். போட்ட பிறகு டாக்டரம்மா அடுத்ததைச் சொன்னாங்க. சும்மா கலைக்க மாட்டாங்களாம், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆபரேஷனும் பண்ணிக்கிடணுமாம். ஆம்பளைக்கு அது சின்ன வேலை, இந்தப் பிள்ளை உடம்புல ரத்தமே இல்ல பாத்துக்கோங்கன்னு நர்ஸ் எடுத்துச் சொன்னா. எங்க அண்ணன் சுவரைப் பாத்தான். சின்ன மதினி, "எனக்கே பண்ணிருங்க"ன்னுட்டா. அதுக்கும் ஒரு கையெழுத்துப் போட்டான். அதைக் கை நடுங்காமப் போட்டான்.

அவ ரொம்ப நாள் படுக்கையில கிடந்தா. பிழைச்சா. நான் கேட்டது அதுதான், கிடைச்சுது, இல்லன்னு சொன்னா சாமி கண்ணைக் குத்தும்.

ஆனா அதுக்கு விலை குடுத்தது யாரு? கையெழுத்துப் போட்ட அன்னைக்குச் சாயங்காலமே, என் பொண்டாட்டியைக் கொன்னவ கையால இனிமே பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்னு அம்மாவோட துணிமணியை எடுத்து வாசல்ல வச்சுட்டான் எங்க அண்ணன். ஒப்பாரியில சொன்னதை வச்சுச் சண்டைக்கு வரக்கூடாதுன்னு சொன்னேன்லா, அதையும் மீறிட்டான். கேட்டா, அது நாடகம்தானே, சாவா என்னன்னு கேக்கான். ஊரும் அவன் பக்கம்தான் பேசுச்சு. பொண்டாட்டிக்காக ஆஸ்பத்திரி ஏறின மகராசன்னு டீக்கடையில பெருமை. அம்மா தெருவுல நடந்தா, மருமகளைக் கொன்னவ போறா பாருன்னு பேச்சு. எரியுது வயிறு எனக்கு, இன்னைக்கு நினைச்சாலும் எரியுது. கையெழுத்துப் போடாம கொன்னவன் நல்லவன் ஆயிட்டான். வழி தெரியாமக் கூட்டிட்டுப் போனவ கொலைகாரி.

அம்மா என் வீட்டுக்கு வந்துட்டா. என் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. நாடகத்தை மேலநீலிதநல்லூர், திருவேங்கடம் பக்கமெல்லாம் கூப்புட்டாங்க. பூக்கார அக்காவுக்கு மூச்சிரைப்பு, வர முடியாதுன்னா. அம்மா பஸ்ல எங்களுக்கு முந்தி ஏறி உக்காந்திருந்தா.

"பொணமா நான் படுக்கேன். எனக்குப் பாட வேற ஒண்ணும் இல்ல."

அதுக்கப்புறம் ஊர் ஊரா எங்க அம்மாதான் பொணம். அவளைச் சுத்தி உக்காந்து, குச்சிக்குக் கூட்டிட்டுப் போனவளை ஊர்ப் பொம்பளைக ஏசிப் பாடுவாளுக. கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே கிடப்பா. திருவேங்கடம் பக்கத்துல ஒரு ஊர்ல எவனோ பொம்பளைகளைக் கெடுக்க வந்தவளுகன்னு கல்லெறிஞ்சான். ஒண்ணு அம்மா கன்னத்துல பட்டு ரத்தம் வந்துச்சு. அம்மா அசையல. ஏன்மா எந்திரிக்கலன்னு பஸ்ல வரும்போது அழுதுக்கிட்டே கேட்டேன். செத்தவ எப்படிட்டி எந்திரிப்பான்னா.

டீச்சருக்கு மாத்தல் வந்து போனதும் நாடகம் நின்னு போச்சு. அம்மாவும் அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு இருக்கல. என் வீட்லதான் உசிரு போச்சு. கொள்ளி வைக்கணுமே, அண்ணன் வந்து பொணத்தைத் தன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனான். உசிரோட வாசல்ல நிறுத்தினவளைச் செத்த பிறகு நடுவீட்ல கிடத்தினான். வந்த பொம்பளைககிட்ட வாசல்ல நின்னு, அழுறதுன்னா அழுங்க, பாட்டு வேண்டாம்னான். அம்மா அன்னைக்குச் சொன்ன அதே வார்த்தை. மக நான்தான் எடுத்துக் குடுக்கணும், வாய் வரல.

சின்ன மதினி அடுப்படியில இருந்து வந்தா. ஈரக்கையைச் சேலையில துடைச்சா. அம்மா தலைமாட்டுல உக்காந்து, முந்தானையை அவுத்து விட்டுக்கிட்டு, என் தோள்ல கையைப் போட்டு இழுத்து, தெரு முனை வரைக்கும் கேக்குறாப்ல எடுத்தா.

"எங்கக்காளைக் கூட்டிப்போயி எமங்கையில குடுத்தவளே – எனக்குன்னு
ஒரு நாளு வந்தப்போ எமனையே மறிச்சவளே"

வாசல்ல நின்ன அண்ணன் வாயைத் திறந்தான். இது நாடகம் இல்ல. மூடிக்கிட்டான்.